தளபதியின் குரலைக் கேட்டவள்

போர்க்காலத்தில் ராணுவ முகாமின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் ஆபரேட்டரம்மா. அங்கே இருந்தபோது ஒரு மதியம் தளபதிக்கு லைன் கொடுத்துவிட்டு, சரியாகக் கிடைத்ததா என்று ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல அடைச்சு வச்சிருக்கவங்கள முடிச்சிடுங்க" என்றார் அவர். இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பல வருடம் வாயைத் திறக்காதவள், சர்வதேச நீதிமன்றத்திலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம்தான் அதைச் சொன்னாள். பெயரை மறைத்துச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தால் பதறுவாள், அடிக்காவிட்டாலும் பதறுவாள். இதற்கிடையில் தளபதி மந்திரியாகிவிட்டார்.

கடைசியில் அந்த நீதிமன்றத்து வக்கீலம்மா கூப்பிட்டாள்.

"வழக்கை நிறுத்தி வைக்கிறாங்கம்மா."

"ஏன், நான் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. பக்கத்து நாட்டுச் சண்டைய நிறுத்த அவர்தான் தூது போறாரு. பெரிய நாடுகளுக்கு அவர் வேணும். உங்க அரசாங்கமும் ஒரு தாளைக்கூடத் தர மாட்டேங்குது. உங்க ஒரு சாட்சி மட்டும் போதாதுன்னு சொல்லிட்டாங்க."

"தூது போனா விட்டுடலாம்னு சட்டத்துல இருக்கா?"

"சட்டத்துல இல்லம்மா" என்றாள் வக்கீலம்மா.

அவள் போனை வைத்ததும், "விட்டுத் தள்ளு. உயிரோட இருக்கோமே" என்றார் கணவர்.

அவளால் விட முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து கால் கடுத்ததுதான் மிச்சம். ஒரு காலையில் கிளம்பி உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய், சொந்தப் பெயரிலேயே புகார் கொடுத்தாள். நீதிபதி படித்த கையோடு தள்ளுபடி செய்தார். வாசலில் நின்ற நிருபரிடமும் பெயரை மறைக்காமல் சொன்னாள். செய்தி வந்த அன்றே எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் முகங்கொடுத்துப் பேசவில்லை.

மறுவாரம் ஒரு கிழவர் வந்து கதவைத் தட்டினார். கணவர் பாதி திறந்து, "யாரு?" என்றார்.

"தளபதியோட வண்டி ஓட்டினவன். பேப்பர்ல பாத்துட்டு வந்தேன். அன்னைக்கு அவரப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனதே நான்தான். ரெண்டு பேர் சொன்னா அந்த வெளிநாட்டுக் கோர்ட்டு கேக்குமா?"

"தெரியலீங்க" என்றாள் ஆபரேட்டரம்மா, கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து.

கணவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க, வெளியில நிக்காதீங்க" என்றார்.

புதுச் சாட்சி கிடைத்தால் வழக்கை மறுபடி எடுக்கக் கேட்கலாம், ஆள் அனுப்புகிறேன் என்று வக்கீலம்மா சொல்லியிருக்கிறாள். இன்னும் யாரும் வரவில்லை. ஓட்டுநர் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் தங்கியிருக்கிறார். வாசலில் சின்னச் சத்தம் கேட்டாலும் மூன்று பேரும் ஒன்றாக எழுந்து நிற்கிறார்கள்.