பத்து நிமிஷப் பிரசங்கம்

போன வாரம் காந்திபுரத்திலிருந்து சிங்காநல்லூர் போகிற பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மா கைப்பையிலிருந்து நீலகிரித் தைலப் பாட்டிலை எடுத்துத் திறந்தார். அவ்வளவுதான், என் ஸ்டாப் தாண்டிப் போனதே தெரியவில்லை. உங்களுக்கெல்லாம் அந்த வாசனை என்றால் சளி ஞாபகம் வரும். எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும். காலையில் தொண்டைக்கு இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு, வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடுகிற அப்பா ஞாபகம் வரும்.

அப்பா சிங்காநல்லூரில் ஒரு சின்னச் சபைக்குப் பாஸ்டர். பஞ்சாலையில் நூல் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். மில்லை மூடினார்கள். வேலை போன நாலு பேர் எங்கள் வீட்டில் கூடி ஜெபம் செய்தார்கள், நாலு நாற்பதானது, சூலூர்ப் பக்கம் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பங்களும் வந்து சேர்ந்தன, தகரக் கூரை போட்டதும் அதற்குச் சபை என்று பெயர் வந்தது. வேதாகமக் கல்லூரி வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழுத்த தொண்டை என்பதால் மைக் தேவைப்படாது. ஆனாலும் மைக் வைத்துக்கொள்வார்.

எந்த வசனத்தை எடுத்தாலும் ஆதாமிலிருந்துதான் ஆரம்பிப்பார். நோவா பேழைக்குப் பலகை அறுக்கும்போது குழந்தைகள் தூங்கிவிடும். மோசே கடலைப் பிளக்கும்போது பெரியவர்கள். எடுத்த வசனத்துக்கு அப்பா வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும். நடுநடுவே உதாரணம் வேண்டுமே, அதற்கு நான் இருந்தேன். நான் கணக்கில் பதினேழு மார்க் வாங்கியது, வெல்லத்தைத் திருடி பாயடியில் ஒளித்து எறும்பால் மாட்டிக்கொண்டது எல்லாம் சபையே அறியும். வெல்லக் கதையில் எறும்புதான் மனசாட்சி. பாஸ்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறப்பதில் உள்ள கஷ்டம் பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

நான் திருச்சி வேலையை விட்டு வந்து, பீளமேட்டில் ஒரு ஐ.டி. ஆபீசில் சேர்ந்த புதிது. வெளிநாட்டிலிருந்து ஹெலன் அம்மா என்று ஒருவர், ரிட்டயரான தலைமையாசிரியை, நம் பக்கத்து ஊழியக்காரர்களுக்கு ஐந்து நாள் வேதாகம வகுப்பு எடுக்க வந்தார். பீளமேட்டில் ஒரு ஹால். ஈரோடு, பொள்ளாச்சி, காங்கேயம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து இருபத்திரண்டு பாஸ்டர்கள். வழக்கமாக மொழிபெயர்க்கிறவர் மகள் கல்யாண வேலையில் இருந்தார். அப்பா ஒரு பேச்சு என்னைக் கேட்காமல், "எங்க பாப்பா இங்கிலீசு பேசுமுங்க, ராத்திரி பகலா அதேதானுங்க வேலை" என்று சொல்லிவிட்டார். நான் ஆபீசில் பேசியது கம்ப்யூட்டர் கோளாறுகளைப் பற்றி. பரிசுத்த ஆவியைப் பற்றி அல்ல. ஐந்து நாள் லீவு போட்டேன்.

ஹெலன் அம்மா ரொம்ப கண்டிப்பு. மேஜைமேல் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சேவல் வைத்திருப்பார். முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற சாமான். திருகிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் கூவும். கூவினால் யாராக இருந்தாலும் வாயை மூட வேண்டும். "பேதுருவுக்கப்புறம் சேவலுக்கு இத்தன பேரு பயந்தது நம்ம கிளாசுலதானுங்க" என்றார் ஈரோட்டுப் பாஸ்டர், இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததும் சேவல் கூவிய கதையை நினைத்து. அதை ஹெலன் அம்மாவுக்கு மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நம்மூர் மரியாதைதான் தெரியுமே. "புரிந்ததா?" என்று அவர் கேட்டால் இருபத்திரண்டு பேரும் "புரிஞ்சுதுங்க" என்பார்கள். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே புரிந்துவிடும். பேச்சு கிளம்பியது இரண்டாம் நாள்தான். காணாமல்போன ஆட்டுக் கதை. தொண்ணூற்றொன்பது ஆட்டை அத்துவானத்தில் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று ஹெலன் அம்மா அரை மணி நேரம் விளக்கினார். காங்கேயத்துப் பாஸ்டர், வீட்டில் இருபது செம்மறி வைத்திருப்பவர், மெதுவாக எழுந்தார்.

"ஏனுங்க, படலைச் சாத்திப்போட்டுத்தானுங்க போயிருப்பாரு?"

அந்தப் பக்கத்தில் மேய்ச்சல் காட்டைச் சுற்றிலும் முள்வேலியும், அதற்குக் கதவாக ஒரு படலும் இருக்கும். ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் மேய்ப்பன் ஒரு கல்யாணத்துக்கே போய்விட்டு வரலாம். ஒரு ஆடும் எங்கேயும் போகாது. இதை நான் இங்கிலீஷில் சொல்லி, வேலியைப் போர்டில் படம் போட்டு, படலுக்கு அம்புக்குறி போட்டேன். ஹெலன் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அந்த மேய்ப்பனுக்கு என்னதான் கஷ்டம்?" என்று கேட்டார். காங்கேயத்துக்காரர் யோசித்துவிட்டு, "வெயில்ல நடந்தாரல்லங்க" என்றார். ஹெலன் அம்மா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த பாடத்துக்குப் போக நாலு தடவை பார்த்தார், வகுப்பு அந்தப் படலைத் தாண்டி வரவில்லை.

மூன்றாம் நாள்தான் இடி விழுந்தது. கடைசி நாளில் ஒவ்வொருவரும் பிரசங்கம் செய்ய வேண்டும், அதைப் பார்த்துத்தான் சான்றிதழ் என்றார் ஹெலன் அம்மா. ஆளுக்குப் பத்து நிமிஷம். மொழிபெயர்ப்பும் அதற்குள் அடக்கம். சீட்டுக் குலுக்கியதில் அப்பாவுக்கு, சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய், கடைசியில் திரும்பி வந்து அப்பனிடம் விருந்து சாப்பிட்ட இளைய மகன் கதை வந்தது.

"அப்ப எனக்கு அஞ்சு நிமிசம், உனக்கு அஞ்சு நிமிசமா? இதென்ன கண்ணு, சொத்துப் பிரிக்கறாப்புல இருக்குது" என்றார் அப்பா, டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சான்றிதழ் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் எங்கள் சபைப் பெண் ஒன்றுக்குக் கல்யாணம். அப்பா கையில் ஞானஸ்நானம் வாங்கிய பெண், தகப்பன் இல்லாதது, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதே இவர்தான். மாப்பிள்ளை வீட்டார், "படிச்ச பாஸ்டரா இருந்தா நல்லாருக்குமுங்க" என்று தங்கள் ஆளைக் கூட்டி வந்துவிட்டார்கள். அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் ஜெபம் பண்ணினாரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை வீட்டார்மேல் கோபம் போகவில்லை. ஊழியக்காரியாய் இல்லாதது இதற்கெல்லாம் சௌகரியம்.

இரண்டு நாளும் பொழுது சாய்ந்ததும் ஒத்திகை நடந்தது. எங்களிடம் சேவல் இல்லை, குக்கர் இருந்தது. அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றியதும் அப்பா ஆரம்பிப்பார். மூன்று விசில் வந்தும் இளைய மகன் இன்னும் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டான். ஏதேனில் ஆதாம் பழம் தின்றுகொண்டிருப்பார். "இத்தன வருசமா நான் சொல்லி நிறுத்தாத மனுசனை அந்தச் சேவலா நிறுத்திப்போடும்" என்றாள் அம்மா.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஆதாம் வரக் கூடாது. நானும் வரக் கூடாது. "என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அங்கயே எறங்கிப் போயிருவேனுங்கப்பா" என்றேன். ஆதாமை விடுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. என்னை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில், "சேரி, உன்ற பேரை எடுக்கமாட்டேன்" என்றார். அந்தச் சொல்லில் ஒரு ஓட்டை இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

கடைசி நாள் ஏழாவதாக அப்பாவின் முறை வந்தது. முந்தினவர்களில் ஈரோட்டுக்காரர், சேவல் கூவியதும் பாதி வாக்கியத்தில் "சேரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். சிலுவையில் அறையப்பட்டவர் உயிர்த்தெழவே இல்லை. அதைப் பார்த்து அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இரண்டு சொட்டுத் தைலம் போட வேண்டியவர் கால் பாட்டிலைக் கழுத்தில் கவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார். ஹெலன் அம்மா இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சேவலைத் திருகினார்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. அப்பா எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் நான் நாலு வார்த்தையில் முடித்துவிட்டால் மிச்ச நேரமெல்லாம் அவருக்குத்தானே. சொத்தில் என் பங்கையும் அவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் அந்த மகன் பங்கு கேட்டது, அப்பன் மனசொடிந்தது, அண்ணன்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது என்று ஒரே மூச்சில் சொல்லி நிறுத்தினார். நான், "மகன் போய்விட்டான்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னதெல்லாம் அதுக்குள்ள அடங்கிருச்சா கண்ணு?"

"அடங்கிருச்சுங்கப்பா."

"இங்கிலீசு நல்ல பாசைதான்" என்றார் சபையைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அவர், "எனக்குத் தெரிஞ்ச ஒரு அப்பனுங்க" என்று ஆரம்பித்தார்.

அந்த அப்பனுக்கு ஒரு மகளாம். படிப்பு முடிந்ததும் உள்ளூரில் இருக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு திருச்சிக்கு வேலைக்குப் போய்விட்டதாம். மூன்று மாசம் போனே இல்லையாம். அந்த அப்பன் சனிக்கிழமை ஆனால் போதும், சீக்காளியைப் பார்த்து ஜெபம் பண்ணப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாராம். ஒவ்வொரு பஸ்ஸாக எல்லோரும் இறங்கி முடிகிறவரை பார்ப்பாராம். "பாஸ்டருன்னு நாலு பேருக்குத் தெரியுமல்லங்க, கேட்டா வெக்கமா இருக்குமுன்னு, பஸ்ஸுக்குக் காத்திருக்கறாப்புல கையில ஒரு பையை வெச்சுக்குவாருங்க. பையில ஒண்ணும் இருக்காதுங்க" என்று சொல்லி நிறுத்தினார். மொழிபெயர்ப்புக்காக வலது கைப் பக்கம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பேர் எடுக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

திருச்சியிலிருந்து நான் முதல்முறை திரும்பி வந்த சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். "அட, இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன்" என்றார். நான் நம்பிவிட்டேன். நம்பியதோடு நில்லாமல், ஆட்டோவில் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். அத்தனை சனிக்கிழமையும் இருந்தார் என்பது அந்த ஹாலில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சேவல் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு வார்த்தையில் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்து, 'எனக்குத் தெரிந்த ஒரு அப்பா' என்பதற்குப் பதிலாக, 'என் அப்பா' என்று சொல்லிவிட்டேன். ஹெலன் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் என்னை நிறுத்த முடியவில்லை. பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன், பையைச் சொன்னேன், அப்பா சொல்லாத ஆட்டோவையும் சொன்னேன், மூன்று மாசம் நான் எதற்குக் கோபமாக இருந்தேன் என்பது எனக்கே மறந்துபோனதையும் சொன்னேன். மூக்கு ஒழுகியது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், சேவல் கூவுகிறது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது சேவல் மட்டும்தான். என் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்து, "கண்ணு, கூவிருச்சு. போதும், நிறுத்து நிறுத்து" என்றார் ரகசியமாக. ரகசியம் என்றால் மில் தொண்டை ரகசியம். ஹால் முழுக்கக் கேட்டது.

இளைய மகன் வீடு வந்து சேரவே இல்லை. விருந்தும் நடக்கவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தார், சான்றிதழ் போயிற்று என்று நினைத்துக்கொண்டு. ஹெலன் அம்மா அந்தச் சேவலை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்த பாஸ்டர் வந்து நிற்கிறவரை அதை வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் சான்றிதழோடு ஆளுக்கொரு தாளும் கொடுத்தார்கள். அப்பாவுடைய தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி: பிரசங்கியார் நேரக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றினார். மொழிபெயர்ப்பாளர் காப்பாற்றவில்லை. பஸ்ஸில் அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "நான் கரெக்டா நிறுத்திப்போட்டேன்னு எழுதிப்போட்டாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "உன்ற மகளுக்குத்தான் பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல" என்றார். அம்மா என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், பருப்பைக் கடையப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் கல்யாண வீடுகளில் எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் அப்பா அமைதியாக, "பீளமேட்டுலங்க" என்பார். பீளமேட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு காலேஜ். கேட்டவர் மேற்கொண்டு கேட்க மாட்டார். ஐந்து நாள்தான் படித்தேன் என்பதை இவரும் சொல்ல மாட்டார். பொய் சொல்லவில்லையே என்பார்.

நான் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விட்டேன். சண்டை போடாமல்தான் போனேன். வாரம் தவறாமல் போனும் செய்தேன். ஒரு நாள் அம்மா போனில், "உங்கப்பாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு கண்ணு" என்றாள். பிரசங்கத்தில் ஒவ்வொரு வாக்கியமும் முடிந்ததும் நிறுத்திவிடுகிறாராம். நிறுத்திவிட்டு வலது கைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாராம். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறாராம். சபையில் குழந்தைகள் சிரிக்கின்றன என்பதால், அந்தச் சந்தில் தான் முன்வரிசையிலிருந்து "ஆமாங்க" என்று சொல்லிவைப்பதாகச் சொன்னாள். பிரசங்கம் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டே கால் மணி நேரமாகிவிட்டதாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்தப் பக்கத்தில் நின்றிருக்கலாம். போகவில்லை.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது சபைக்கு வந்திருப்பவர் கல்லூரியில் படித்த பாஸ்டர், நல்ல பிள்ளை. போன வாரம் ஸ்டாப் தாண்டி இறங்கி, திரும்பி நடந்து, நான் சபைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் ஆரம்பித்திருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆதாம் வரவில்லை, நோவா வரவில்லை, தண்ணீர் ஓடுகிற மாதிரி தங்குதடையில்லாமல் இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டார். இருபது நிமிஷமும் அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மூன்று தடவை அவள் உதடு அசைந்தது. "ஆமாங்க" என்று சொல்ல அவர் இடமே விடவில்லை.