வேகமாக ஓடிய பாட்டுகள்

பாட்டு கேட்பது என்பது பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து செய்கிற காரியம் என்றுதான் சிறுவயதில் நான் நினைத்திருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் அது நடக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் கீழே அப்பா தறியை நிறுத்திவிட்டு பேப்பர் படிப்பார். மற்ற நாளில் யாருக்காகவும் தறி நிற்காது.

மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தார்கள். பெரியப்பா பல வருடம் மைக் செட் தொழில் செய்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்றவர். பென் டிரைவ் வந்து எல்லாரும் அதிலேயே பாட்டு போடத் தொடங்கியதும், ஸ்பீக்கர்களையெல்லாம் தன்னிடம் வேலை பார்த்தவருக்கே கொடுத்துவிட்டார். ரெக்கார்டு பிளேயரையும், ஒரு பீரோ நிறைய இசைத்தட்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டார்.

அதைக் கேட்க மூன்று பேர் வருவார்கள். ஒருவர் மருந்துக்கடை மாமா. இன்னொருவர் முசரவாக்கத்து மாமா. நிலமும் கட்சியுமாக இருந்தவர், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில், ஒரு பை வேர்க்கடலையோடு வருவார். மூன்றாவது, பேங்கில் வேலை பார்த்த அக்கா. ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னைக்கு என்ன அங்கிள் போடப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுவாள்.

பாட்டைத் தவிர வேறெதிலும் இந்த மூவருக்கும் ஒத்துப்போகாது. பாட்டிலும் ஒத்துப்போகாது என்பது போகப் போகத் தெரிந்தது. தட்டைப் பட்டுத் துண்டால் துடைக்க வேண்டுமா, வெல்வெட்டாலா என்று ஒரு காலை முழுக்கச் சண்டை நடக்கும். உறையைப் பிரித்ததும் மருந்துக்கடை மாமா அதை முகர்ந்து பார்ப்பார். முசரவாக்கத்து மாமா, "மருந்தாயா அது, மோந்து பாக்கறதுக்கு?" என்பார். பெரியப்பா முள்ளை மெல்ல இறக்கி வைத்ததும் மழை தொடங்குவதுபோல ஒரு சத்தம் வரும். உடனே மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தச் சத்தத்தில் அப்படி என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. நான் தரையில் கவிழ்ந்து படுத்து, தட்டின் நடுவிலிருக்கும் சிவப்புக் காகிதம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் நாலாவது படிக்கும்போதுதான் எல்லாம் குழம்பத் தொடங்கியது.

முதலில் பெரியப்பா குழம்பினார். "பெரியப்பா, டிவி போடட்டா?" என்று கேட்டால், "சாப்ட்டேன்மா, நீ சாப்டியா?" என்பார். பேனா கேட்டால் பழம் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு என்மேல் ஏதோ கோபம், அதனால்தான் கேலி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு பழத்தைத் தின்பேன்.

அடுத்தது பாட்டுகள். பிளேயருக்குள் ரப்பர் பெல்ட் தொய்ந்துபோனதால் மோட்டார் சக்கரத்தில் பட்டு நூலைச் சுற்றிப் பெரியப்பா சமாளித்துவந்தார். பிறகு சென்னையிலிருந்து புது பெல்ட் வந்தது. அதை மாட்டிய ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாட்டுகளும் ஓட ஆரம்பித்தன. ஓடின என்றால், நிஜமாகவே ஓட்டம்தான். நிதானமாகத் தாலாட்டிக்கொண்டிருந்த அம்மாள் என் வயதுப் பெண்ணாகி, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தாலாட்டினாள். கனத்த குரலில் அழுகிற ஒருவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மருந்துக்கடை மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேங்க் அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மட்டும் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளம் பழைய வேகத்திலேயே இருந்தது.

அன்று இறங்கிப் போகும்போது அக்காவைப் படியில் பிடித்துக் கேட்டேன்.

"ஏங்க்கா, பாட்டு ஸ்பீடா ஓடுது?"

அவள் மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு, "அது இந்த பிளேயரோட ஸ்டைல்மா" என்றாள்.

நான் நம்பிவிட்டேன். அந்த வாரமே பள்ளிக்கூட ஆட்டோவில் அதே தாலாட்டு மெதுவாக வந்தபோது, "அண்ணா, உங்க ரேடியோவுல பேட்டரி இறங்கிப்போச்சி" என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். வண்டியிலிருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். எதற்கென்று விளங்கவில்லை.

அதற்கு அடுத்து வந்த ஒரு ஞாயிறை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முசரவாக்கத்து மாமா தன் வீட்டுப் பரணில் கிடைத்தது என்று ஒரு தட்டு கொண்டுவந்தார். கீறல் விழுந்த தட்டு. பாதிப் பாட்டில் முள் சிக்கிக்கொண்டது. "வருவேன்... வருவேன்... வருவேன்..." என்று பாடகர் சொல்லிக்கொண்டே இருந்தார், வரவில்லை. யாராவது எழுந்து முள்ளைத் தூக்குவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. மருந்துக்கடை மாமா மெல்லத் தலையாட்டி ரசித்தார். பெரியப்பாவின் தாளம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் எழப் போனேன். முசரவாக்கத்து மாமா என் கவுன் நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, கை நிறைய வேர்க்கடலையைத் திணித்தார்.

"மாமா, மாட்டிக்கினு இருக்குது..."

"தெரியும்மா. கடலையைத் தின்னு."

தெரிந்தும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்? அப்போது பெரியம்மா காப்பித் தட்டோடு வந்தாள். வாசலிலேயே நின்று இரண்டு "வருவேன்" கேட்டாள். பிறகு நேராகப் பிளேயர் வைத்திருந்த மேஜைக்குப் போய், இடுப்பால் அதை ஓர் இடி இடித்தாள். முள் துள்ளிக் கீறலைத் தாண்டிப் போய் விழுந்தது. பாடகர் ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

மேஜை ஆடியதில் பெரியப்பா கண்ணைத் திறந்தார். "பாத்து வரக் கூடாதா? நல்லா ஓடிக்கினு இருந்துது, கெடுத்துட்டியே!"

"கவனிக்கல" என்றாள் பெரியம்மா.

வேண்டுமென்றே இடித்ததை நான் பார்த்தேன். எல்லாருமே பார்த்தார்கள். சரி செய்தவளுக்குத் திட்டு விழுகிறது, அவளும் வாங்கிக்கொள்கிறாள், மூன்று பெரிய மனிதர்கள் காப்பியை ஊதிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். கீழே வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். துவரம்பருப்பில் கல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்:

"பெரியப்பாவுக்குக் காது சுத்தமா போயிடிச்சிமா. நீ போய் எதுவும் சொல்லிடாத."

இதனால் என் குழப்பம் தீரவில்லை, இரட்டிப்பானது. காது கேட்காதவர் எதற்காகப் பாட்டு போடுகிறார்? அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தவர்கள் எதற்காக அவர் வீட்டுக்கு வந்து, கெட்டுப்போன பாட்டைக் கேட்கிறார்கள்? அவருக்குத் தெரியக் கூடாது என்றால், தன் காது கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாதா?

இந்த நேரத்தில்தான் பேங்க் அக்காவின் கூடப் படித்தவர் ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். இந்த மாதிரி பழைய பிளேயர்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவராம். பெரியப்பா அன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டார். தாலாட்டுத் தட்டைத் தானே துடைத்து வைத்தார். இரண்டு வரி ஓடியதுமே அந்த அண்ணன் நிமிர்ந்துவிட்டார்.

"சார், ஸ்பீட் ரொம்ப அதிகமா இருக்குதே. உங்களுக்குத் தெரியலையா?"

அக்கா முகம் வெளுத்துவிட்டது. மருந்துக்கடை மாமா இருமினார். முசரவாக்கத்து மாமாதான் சமாளித்தார்.

"எங்க ஊர்ல இப்டித்தான் தம்பி ஓடும்."

பெரியப்பா அந்த அண்ணனைப் பார்க்கவில்லை. தன் நண்பர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மூவரும் வேறு எங்கோ பார்த்தார்கள். கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்தார்.

"என்னம்மா சொல்றாரு?"

அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினாள். அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் கேட்பது பெரியப்பா. அவருடைய முகம் என் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் காதில் கத்தினேன்.

"பாட்டு வேகமா ஓடுதாம் பெரியப்பா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கீழே அப்பா பேப்பரை மடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?" என்றார் பெரியப்பா, என்னிடம் அல்ல, மருந்துக்கடை மாமாவிடம்.

மாமா மறுபடி இருமினார். "பெல்ட் மாத்தினதுலேர்ந்து" என்று கடைசியில் சொன்னார். அது பெரியப்பாவுக்குக் கேட்டிருக்காது, ஆனால் புரிந்துவிட்டது. எழுந்து பிளேயரை நிறுத்தினார். தட்டை உறையில் போட்டார். அவ்வளவுதான், இனி ஞாயிற்றுக்கிழமை கிடையாது, என்னால்தான் எல்லாம் கெட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. பெரியப்பா மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த அண்ணன் கையில் கொடுத்தார்.

அண்ணன் பிளேயரின் மேல்தட்டைக் கழற்றினார். பெல்ட் மாட்டியபோது எடுக்க மறந்துபோன பட்டு நூல் மோட்டார் சக்கரத்தில் அப்படியே சுற்றிக்கிடந்தது. அதனால் சக்கரம் பருத்துத்தான் தட்டு வேகமாகச் சுற்றியிருக்கிறது. அதைப் பிரித்து எடுத்துவிட்டு மறுபடி தாலாட்டைப் போட்டார். அந்த அம்மாள் பழையபடி அம்மாளாகி நிதானமாகப் பாடினாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முசரவாக்கத்து மாமா, "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அதைப் பார்த்துப் பெரியப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடப்பாவிங்களா, இத்தினி நாளாவா சகிச்சிக்கினு இருந்தீங்க?" என்றவர், சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "இனிமே நீங்களே போடுங்கப்பா. நா உக்காந்துக்கினு இருக்கேன்."

அடுத்த ஞாயிறும் மூன்று பேரும் வந்தார்கள். பெரியப்பா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிளேயருக்கு முதுகு, நண்பர்களுக்கு முகம். தாளம் போடுவதையும் விட்டுவிட்டார். பாட்டு முடிகிறவரை கண்ணை மூடாமல் அந்த மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறிக்கொண்டே இருக்கும். தட்டைத் துடைக்கும் சண்டையும் திரும்ப வந்தது. அதில் யார் ஜெயித்தது என்று அவருக்கு எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் பேங்க் அக்கா ஆன்லைனில் வாங்கிய புதுத் தட்டு ஒன்றைப் போட்டாள். வெறும் வயலின். நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. நடுவில் ஓரிடத்தில் அந்த வயலின் கீழே இறங்கி இறங்கி வந்து, நின்றுவிட்டது என்று நினைக்கும்போது சட்டென்று எழும்பியது. "ஆஹா!" என்று ஒரு குரல் கேட்டது. பெரியப்பாவின் குரல். சரியாக அந்த இடத்தில்.

நான் எழுந்து கீழே ஓடினேன். கொடியிலிருந்து எடுத்த துணிகளை அம்மா மடித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இத்தனை நாளும் எல்லாரையும் ஏமாற்றுகிறார், இப்போதுதான் கையும் களவுமாகப் பிடித்தேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் எந்த இடத்தில் ஆஹா சொன்னார் என்று பாடியும் காட்டினேன். அம்மா கையிலிருந்த துணியை மடியில் போட்டாள்.

"அவங்க மூணு பேர் மூஞ்சியும் எப்டி இருந்துது அப்போ?" என்று கேட்டாள்.

நான் காதைப் பற்றிச் சொன்னால் இவள் மூஞ்சியைப் பற்றிக் கேட்கிறாளே என்று எரிச்சலாக வந்தது. அம்மாவையும் அவர்கள் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.