காற்றாலைக்குப் பக்கத்தில் நின்றவர்

அந்த அட்டைப்படம் கைப்பேசிக்கு வந்தபோது நான் ஒரு மணமகளின் தோளில் இருந்த கொசுக்கடியைக் கணினியில் அழித்துக்கொண்டிருந்தேன். கிள்ளானில் கல்யாண ஆல்பங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை. அதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் புகைப்படக்காரியாக இருந்தேன். அந்த நாளிதழ் மூடிப் பல வருஷம் ஆகிறது. அதில் வேலை பார்த்தவர்கள் மட்டும் ஒரு வாட்ஸ்அப் புலனக் குழுவாக மிச்சமிருக்கிறோம். பிறந்தநாள் வாழ்த்து, மரணச் செய்தி, பழைய சண்டை எல்லாம் அதில்தான் வரும்.

அன்று வந்தது எங்கள் ஞாயிறு மலருக்கு ஆசிரியராக இருந்தவர் எழுதிய பயண நூலின் அட்டை. ஹாலந்து நாட்டின் பழைய காற்றாலை ஒன்று. நாணல் வேய்ந்த கூரை, நான்கு இறக்கைகள், கீழே வாய்க்கால், வாய்க்கால் தண்ணீரில் தலைகீழாக இன்னொரு ஆலை. இடது ஓரத்தில், நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் திட்டு.

“ஓரத்துல அந்த மஞ்சப் பூ அழகு அண்ணே” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அது பூ இல்லை. நூலை எழுதிய ஆசிரியருடைய மழைக்கோட்டின் முழங்கை.

அடுத்து உள்பக்கத்தையும் படம் பிடித்துப் போட்டிருந்தார். பதிப்பு விவரங்களுக்குக் கீழே ஒரு வரி: ‘அட்டைப் படம்: நூலாசிரியர்.’

நாளிதழ் நடந்த காலத்தில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் அழைப்பில் நாங்கள் இருவரும் ஹாலந்து போயிருந்தோம். அவர் எழுத, நான் படமெடுக்க. கடல்மட்டத்துக்குக் கீழே கிடந்த நிலத்திலிருந்து தண்ணீரை இறைக்கக் கட்டிய ஆலை அது, பல நூறு வருஷம் பழையது என்று வழிகாட்டி சொன்னார். காலையில் நான் ஈரப் புல்லில் வயிறு படப் படுத்துக் காத்திருந்தேன். காற்று நின்றால்தான் தண்ணீரில் உருவம் தெரியும். கொஞ்சம் நின்றது. அழுத்தினேன். அழுத்திய அதே நொடியில் இடதுபக்கத்திலிருந்து அவர் படத்துக்குள் நடந்து வந்தார். விடுதி ரொட்டி அவருக்கு வெறுமனே இறங்காது; பண்டமாரான் வீட்டில் அவர் மனைவி போட்டுக் கொடுத்த நெத்திலிச் சம்பலைப் போத்தலோடு கொண்டு வந்திருந்தார். ஒரு கையில் ரொட்டி, மறுகையில் சம்பல் போத்தல், வாய் நிறைய உணவு, முகம் நேராகக் கேமராவைப் பார்த்து. அதன்பிறகு காற்று மீண்டும் வீச ஆரம்பித்தது. தண்ணீர் அடங்கவே இல்லை. ஆகவே ஆலை முழுதாகத் தண்ணீரில் தெரியும் படம் அந்த ஒன்றுதான்.

திரும்பி வந்ததும் அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னார்: “என்னை வெட்டிடு தங்கச்சி. எழுதுனவன் படத்துல நிக்கக் கூடாது.”

எங்கள் நாளிதழில் அது வழக்கம்தான். வெட்டினேன். முழங்கையையும் சேர்த்து வெட்டினால் இடது இறக்கையின் நுனி போய்விடும். இறக்கை முக்கியம் என்று முடிவு செய்தேன்; முழங்கை தங்கிவிட்டது. படமெடுத்தவர் பெயரைப் போடும் பழக்கம் எங்களிடம் இல்லை. கட்டுரைக்கு மேலே அவர் பெயர், படத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

அட்டையைப் பார்த்த அன்றே அவரைக் கூப்பிட்டேன். சண்டை போடவில்லை. அந்த வரியை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

“அச்சுக்குப் போயிருச்சு தங்கச்சி” என்றார்.

“படம் என்னுது அண்ணே.”

“யாரு இல்லன்னா? ஆனா இடத்தக் காட்டுனது யாரு? நான் காட்டலன்னா நீ அந்தப் பக்கம் திரும்பியிருப்பியா? படத்த எடுத்தது கேமரா. நீ பட்டனத் தட்டுன, அவ்வளவுதான் லா.” சிரித்தார். “கல்யாண ஆல்பத்துல எல்லாம் உன் பேரா போடுறாங்க?”

நல்லது அண்ணே என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி மணமகளின் தோளுக்குப் போனேன். கொசுக்கடியை அழித்து முடித்தபோது என்ன செய்வது என்று தெரிந்துவிட்டது. குழுவில் நியாயம் கேட்டால் இரண்டு பேர் எனக்காகப் பேசுவார்கள், நான்கு பேர் ‘விடுங்க அக்கா’ என்பார்கள், அடுத்து யாருக்காவது பிறந்தநாள் வரும். எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வலிக்க வேண்டும். தினமும் கொஞ்சம்.

பழைய வன்தட்டில் மூலப்படம் இருந்தது. முதல் நாள் காற்றாலையைப் பெயர்த்துக்கொண்டு வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், புடவைக்கடைகளுக்கு நடுவில் நட்டேன். நான்கு இறக்கைகளுக்குப் பதில் நான்கு வாழையிலைகள், ஒவ்வொன்றிலும் சோறு, கூட்டு, அப்பளம். சுற்றும்போது ரசம் சிதறி மோனோரெயிலின் கண்ணாடியில் விழுகிறது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து ஒட்டினால் கண் எதையும் நம்பும். ‘அண்ணனின் நூலுக்கு என் வாழ்த்து’ என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

குழு கலகலத்துவிட்டது. “அக்கா, கறி எக்ஸ்ட்ரா வாங்க ஏணி வேணும்போல!” “இந்தக் கடைல சாப்பிட்டா தலை சுத்தும்.” அவரும் சிரித்த முகம் ஒன்றைப் போட்டார். போடாமல் இருக்க முடியாது.

அந்தப் படத்திலும் இடது ஓரத்தில் மஞ்சள் இருந்தது. நகம் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அடுத்த படத்தில் ஆலை கிள்ளான் துறைமுகத்தில் நின்றது. இறக்கைகளில் கொள்கலன்கள் தொங்கின. கீழே லோரிகள் வரிசையில் காத்திருந்தன. மஞ்சள் இப்போது முன்கை வரை வந்திருந்தது. அதற்கடுத்து மாமாக் சாப்பாட்டுக்கடை: இரண்டு ஆலைகள் ஒன்றுக்கொன்று தே தாரிக் தேநீரை ஆற்றின. மஞ்சள் சட்டைக் கையின் முனையில் ஐந்து விரல்கள். கோயில் திருவிழாவில் ஆலையை ராட்டினமாக்கியபோது ஒருவர், “சாமிகிட்ட மட்டும் போயிடாதீங்க லா அக்கா” என்று பயந்தார். போகவில்லை. அந்தப் படத்தில் விரல்களுக்கு இடையில் ரொட்டி வந்தது.

“அந்த மஞ்சள் என்ன அக்கா, நாளுக்கு நாள் வளருது?”

“பொறுங்க” என்று எழுதினேன்.

வெட்டியவள் நான். எந்தக் கோட்டில் வெட்டினேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். குழுவில் அது புரிந்த ஒரே ஆள் அவர்தான். ரொட்டி வந்த அன்று அவர் சிரித்த முகம் போடவில்லை. கூப்பிட்டார்.

“தங்கச்சி, போதும்.”

“எது அண்ணே?”

“விளையாட்டு.”

“விளையாட்டுதானே அண்ணே. பட்டனத் தட்டுறேன், அவ்வளவுதான்.”

பிறகு, “புத்தக வெளியீட்டுக்கு வருவியா?” என்று கேட்டார். வர வேண்டாம் என்று கேட்பதுபோல இருந்தது அந்தக் குரல்.

“வராம?” என்றேன்.

விழாவை அறிவிப்பாளராக நடத்தவிருந்த பெண்ணும் எங்கள் குழுவில்தான் இருந்தாள். அவளே முந்திக்கொண்டு கேட்டாள்: “அக்கா, உங்க காத்தாலைப் படங்கள வரிசையா திரைல போடட்டுமா? அண்ணனுக்கு சர்ப்ரைஸ்.” சம்மதித்தேன். கடைசியாகப் போட ஒரு புதுப்படம் தருகிறேன் என்றும் சொன்னேன். அந்தப் படத்தை நான் தொடவே இல்லை. அன்று கேமராவிலிருந்து வந்தபடியே அனுப்பினேன்.

விழா பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு மண்டபத்தில் நடந்தது. கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தபோது மாலை மரியாதை முடிந்திருந்தது. மேடைக்குப் பின்னால் என் காற்றாலை, சுவரளவுக்கு. அதன் முன் நின்று அவர் பேசினார். அட்டைப்படம் கிடைத்த கதையைச் சொன்னார். ஈரப் புல்லில் வயிறு படப் படுத்தாராம். காற்று நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாராம். படத்தோடு என் வயிற்று ஈரத்தையும் எடுத்துக்கொண்டார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு விளக்கைக் குறைத்துப் படங்களைப் போட்டார்கள். வாழையிலைக்குச் சிரிப்பு, கொள்கலனுக்குச் சிரிப்பு, தே தாரிக்குக்கு விசில். கடைசிப் படம் வந்தது. அதே ஆலை, அதே வாய்க்கால், வெட்டு இல்லாமல். மஞ்சள் மழைக்கோட்டில் அவர் முழுதாக நின்றார். ரொட்டி, சம்பல் போத்தல், உப்பிய கன்னம்.

மண்டபம் அமைதியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். மாறாக, அன்றைய சிரிப்புகளிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது.

“மஞ்சப் பூ நம்ம அண்ணன்தானா!”

“அக்கா, போத்தல எப்படி ஒட்டுனீங்க? நெத்தலிகூட தெரியுது!”

இவ்வளவு நாள் பொய்யை ஒட்டிக் காட்டியதில் உண்மையும் ஒட்டுவேலையாகிவிட்டது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்போது முன்வரிசையைப் பார்த்தேன். மண்டபத்தில் அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் மனைவி திரையிலிருந்த போத்தலைப் பார்த்தார். அது தன் வீட்டுப் போத்தல் என்று தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். மெதுவாகத் திரும்பிக் கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்கு வரிசை நின்றது. நானும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நின்றேன். என் முறை வந்ததும் முதல் பக்கத்தைத் திறக்கவில்லை. பதிப்பு விவரங்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தேன்.

“இங்கயா?” என்றார்.

“அங்கதான் அண்ணே. அந்தக் கடைசி வரி. ‘நூலாசிரியர்’ங்கிறத அடிச்சுட்டு என் பேர எழுதுங்க. கீழ உங்க கையெழுத்து.”

“தங்கச்சி, இவ்வளவு பேர் முன்னால…”

“மேடைக்குப் போயி அந்தப் படத்துல யாரு நிக்கிறா, யாரு எடுத்தான்னு நான் சொல்லணுமா? மைக் இன்னும் ஓடுது.”

பின்னாலிருந்து யாரோ, “சீக்கிரம் அண்ணே, வடை முடிஞ்சிரும் லா!” என்று கத்தினார்கள்.

அவர் அடித்தார். எழுதினார். முழுப்பெயரும் அவருக்கு நினைவிருந்தது.

எனக்கு அடுத்து நின்றவர் எங்கள் பழைய பக்க வடிவமைப்பாளர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “ஜோக்கு இன்னும் முடியலையா அக்கா?” என்று கேட்டுக்கொண்டே தன் பிரதியிலும் அதே பக்கத்தைத் திறந்தார். “எனக்கும் அதே மாதிரி போடுங்க அண்ணே.” அவருக்குப் புரிந்ததா, வடைக்கு முன் ஒரு வேடிக்கை வேண்டியிருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கு அடுத்தவளும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவளுக்கு அடுத்தவர், பக்கம் எது என்று கேட்டுத் திறந்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சிரித்தபடி எழுதுவதைத் தவிர அண்ணனுக்கு வழியில்லை.

வரிசை வாசல் வரை நின்றது. நான் ஒரு தட்டில் வடையும் சட்னியும் எடுத்துக்கொண்டு, மேசை நன்றாகத் தெரியும் நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். அடித்தார், என் பெயரை எழுதினார், கையெழுத்திட்டார், புத்தகத்தை நீட்டினார். அடுத்தது. கொஞ்ச நேரத்தில் பேனாவை வைத்துவிட்டு விரல்களை உதறிக்கொண்டார்.

நான் எழுந்துபோய் இன்னொரு வடை எடுத்துக்கொண்டு வந்தேன்.