கிருத்திகையன்று ஏறும் கோடு

கம்பெனியில் என் வேலை கோடு போடுவது. வண்டிகளுக்கான வயர்களைக் கட்டி அனுப்பும் கம்பெனி அது. திருத்தணியிலிருந்து கம்பெனி பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஒவ்வொரு நாளும் எத்தனை பழுது வயர் சோதனையில் தப்பிப் போனது என்று புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டினால் காரணம் எழுதியாக வேண்டும். காரணம் எழுதி எழுதியே எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஒரு வருஷம், ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு நாள் புள்ளி சிவப்பைத் தாண்டியது. எப்போதும் ஒரே மேசை. கடைசியில் உட்கார்ந்து, லென்ஸ் வழியாக வயர் முனைகளைப் பார்த்துப் பழுதானதைக் கழிக்கும் பெண்ணின் மேசை. வேலையில் சுத்தமானவள், அதிகம் பேசாதவள். சம்பளத் தேதியா, புதுச் சரக்கா, கரண்ட் போன நாளா என்று எல்லாவற்றோடும் ஒட்டிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. இன்னொரு முறை தாண்டினால் அவளை அனுப்பிவிடப் போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்பது எங்கள் பஸ்ஸுக்கே தெரியும்.

ஒரு காலை, மலையடியில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டது. நான் சர்ச்சுக்குப் போகிறவள்; கிருத்திகை என்றால் எனக்குக் காவடிகளும் நகராத பஸ்ஸும்தான். எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது சுருக்கென்றது. போன தடவை புள்ளி ஏறிய நாளும் இப்படித்தான் மாட்டிக்கொண்டோம். கம்பெனிக்குப் போனதும் காலண்டரைப் புரட்டினேன். ஒன்று விடாமல் கிருத்திகை. தேதிகளில் தேடிக்கொண்டிருந்தேனே, நட்சத்திரம் தேதிக்குள் அடங்குமா?

சாப்பாட்டு நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆமாம், விரதம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது, மதியத்துக்கு மேல் கண் கொஞ்சம் மங்கும் என்றாள். மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வருமாம். விரதம் பிடித்த பிறகுதான் நின்றதாம். இந்த ஒரு நாள் மட்டும் அவளை வேறு மேசையில் போடலாமே என்று மேனேஜரிடம் போனேன். மேசை மாற்றினால் காரணம் எழுத வேண்டும், வயர் வாங்குகிற வெளிநாட்டுக்காரன் படிக்கிற ரிப்போர்ட்டில் விரதம் என்றா எழுதுவீர்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்ய?

என் டிபன் டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். தயிர்சாதம். சாப்பிடு, இல்லையென்றால் இன்றோடு வேலை போய்விடும் என்றேன். ரொம்ப நேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

அன்று புள்ளி சிவப்புக்குக் கீழேயே நின்றது. மேனேஜர் எனக்குக் கை கொடுத்தார். 'ஊழியருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

மறுநாள் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ணு நல்லாதாங்க தூங்கினா. நான்தான் ராத்திரி பூரா அவளயே பாத்துகினு இருந்தேன்," என்றாள். பஸ் கனகம்மாசத்திரத்தைத் தாண்டியது. பிறகு சொன்னாள்: "விரதத்த வுட சொன்னது நீங்க. இனிமே ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவ எப்டி இருக்கான்னு நீங்கதாங்க கேக்கணும்."

கேட்கிறேன். கோடு இப்போது ஒழுங்காகப் போகிறது. சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கிருத்திகைக்கு மறுநாள் காலையில், "ஆங், நல்லாதாங்க இருக்கா" என்று அவள் சொல்லும் வரைக்கும் எனக்கு மூச்சு வருவதில்லை.