பத்து மாத டியூக்கும் முப்பத்தொரு வருட டியூக்கும்

நார்மன் டாக்ரே முப்பத்தொரு வருடம் கென்டல் டியூக்காக இருந்தார். அசல் டியூக் இருந்தது பத்து மாதம்தான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் ஸ்கார்த்வைட் ஊரில் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

பனிக்காலத்தில் கவுன்சில் லாரியில் போய், சாலையில் பனி உறையாமல் உப்புத் தூவுவது நார்மனின் வேலை. மற்ற மாதங்களில் அதே லாரியில் போய்க் குழி அடைப்பார். ஜூன் மாத ஊர்த் திருவிழா அன்று மட்டும் டியூக். சிவப்புக் கோட்டு, இறகு வைத்த தொப்பி, சொந்த மீசை. பிஸ்கட் என்ற மட்டக்குதிரைமேல் அவர் வரும்போது கால்கள் தரையை உரசும். குதிரைக்கு ஆறு கால் என்று வெளியூர்ப் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள்.

ஊர்வலம் ‘கென்டல் டியூக்’ பப் வாசலில் முடியும். அங்கே படியில் நின்று டியூக்கின் வீரதீரங்களை அவர் சொல்லவேண்டும். வருடத்துக்கு ஒரு புதுக் கதை. ஸ்காட்லாந்துக்காரர்களை ஒற்றை ஆளாகப் பாலத்தில் மறித்தது, ஒரே மூச்சில் முழு ஆட்டுத்தொடையைத் தின்றது. லாரியிலிருந்து விழுந்து நார்மனுக்கு முழங்கால் உடைந்த வருடம் டியூக்குக்கும் போரில் முழங்கால் போனது. பப்பின் பெயர்ப்பலகையைப் புதுப்பிக்க வந்த ஓவியர், வேறு முகம் கிடைக்காமல் நார்மனையே வரைந்துவிட்டுப் போனார். மாடியில் டியூக் படுத்துறங்கிய கட்டிலும் உண்டு. நீளம் ஆறரை அடி.

இந்த ஊரில் நான் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு வருடம். விழாக் கமிட்டிச் செயலாளர் பதவி யாருக்கும் வேண்டாததால் என்னிடம் வந்தது. துண்டுப்பிரசுரத்தில் டியூக் பிறந்த வருடத்தைப் போடலாமே என்று நூலகத்துக்குப் போனேன். சார்லஸ் ஸ்டூவர்ட், அரசரின் தம்பி மகன். பிறப்பு 1666 ஜூலை. இறப்பு 1667 மே. வாரிசு இல்லை, பட்டம் அழிந்தது.

‘வாரிசு இல்லை’ என்பதை இரண்டு முறை படித்தேன்.

எங்கிருந்தோ வந்தவன் எங்கள் டியூக்கைக் கொன்றான் என்று ஊர் சொல்லாதா? மூன்று நாள் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். நான்காம் நாள் நார்மன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

“பத்து வருஷமா?” என்றார்.

“மாசம், நார்மன்.”

டீயைக் கீழே வைத்தார். “பல்லாவது மொளச்சிருக்குமா?”

“ரெண்டு மூணு இருக்கலாம்.”

“அப்போ அந்த ஆட்டுத்தொட?” என்றார் அவர் மனைவி எட்னா, அடுப்படியிலிருந்து.

“நீ சும்மா இரு.” என் பக்கம் திரும்பினார். “கமிட்டிக்குச் சொல்லித்தான் ஆகணுமா?”

“பொய்னு தெரிஞ்சப்புறம் அச்சடிக்க எனக்குக் கை வரல.”

“வராதுப்பா. மாத்திரைய எண்ணி எண்ணியே நீ இப்படி ஆயிட்ட.”

கமிட்டித் தலைவி பெரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இனி டியூக்காக ஒரு கைக்குழந்தைதான் வரவேண்டும் என்று முடிவு செய்தார். பப் நடத்தும் மாரீனின் பேரன் ஜென்சனுக்கு எட்டு மாதம், அவனே டியூக். நாற்சந்தியில் வண்டிகளை நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. மஞ்சள் கோட்டும் ‘நில்’ பலகையும் நார்மனுக்கு.

கூட்டம் நடந்த பப்பில் அவர் பாதி பீரை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். நார்மன் கிளாஸில் மிச்சம் வைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. அதன்பின் பப் பக்கமே வரவில்லை. முழங்காலுக்குத் தைலம் வாங்க வந்த எட்னா சொன்னார்: “செவப்புக் கோட்ட இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்காரு. போடமாட்டாராம். பாத்துக்கிட்டு இருப்பாராம்.”

விழா அன்று முன்னால் ஆளில்லாமல் பிஸ்கட். பின்னால் தள்ளுவண்டியில், சரிகைக் குல்லாயோடு ஜென்சன். பேண்டு வாத்தியம் முழங்கியதும் வீறிட ஆரம்பித்தவன் நாற்சந்தி வரை நிறுத்தவில்லை. அவன் அம்மா பால் புட்டியைக் காட்டினாள். பெரில் கிலுகிலுப்பையை ஆட்டினார். ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு கார்களும் ஒரு டிராக்டரும் ஹாரன் அடித்தன.

“நார்மன், எதாச்சும் பண்ணேன்!” என்று கத்தினாள் மாரீன்.

“வண்டிய நிறுத்தத்தான் என்னப் போட்ருக்காங்க. டியூக்க நிறுத்த எனக்கு உத்தரவில்ல.”

“வீம்பு புடிச்ச கெழவா! புள்ள மூஞ்சி நீலமாகுதுய்யா!”

பலகையை என் கையில் திணித்துவிட்டு நார்மன் குழந்தையைத் தூக்கினார். ஜென்சன் இரண்டு கையாலும் மீசையைப் பிடித்தான். அழுகை பாதியில் நின்றது. விரல்களை மெல்ல விலக்கிப் பார்த்தார்கள், மறுபடி வீறிட்டான். மீசையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அமைதி.

பெரில் கிலுகிலுப்பையைத் தள்ளுவண்டியில் போட்டார். “ஏறுங்க,” என்று பிஸ்கட்டைக் காட்டினார்.

“இந்த மஞ்சக் கோட்டோடயா?”

கூட்டத்தில் நின்ற எட்னா கைப்பையைத் திறந்து, மடித்த சிவப்புக் கோட்டை வெளியே எடுத்தார். “வெயில் அடிக்குது, சீக்கிரம் போடுங்க. இத வேற சொமந்துகிட்டுத் திரியறேன்.”

பப் படியில் நின்று நார்மன் பேசினார். மீசை ஜென்சன் பிடியில் இருந்ததால் பேச்சு ஒருபக்கமாகத்தான் வந்தது.

“மக்களே! இத்தன வருஷமா இவரப் பத்திப் புளுகிட்டேன். இவர் யார்கிட்டயும் சண்ட போடல. நடக்கக்கூடக் கத்துக்கல, அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு.” குழந்தையை மறுகைக்கு மாற்றினார். “மிச்சத்த எல்லாம் இவருக்குப் பதிலா நான் பண்ண வேண்டியதாப் போச்சு.”

தரையைப் பார்த்தபடி நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த ஆட்டுத்தொட?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“அத நான் நெசமாவே தின்னேன்!”

பேண்டுக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். மாரீன் அவருக்கு முழு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். பெரில் மட்டும் குறிப்பேட்டோடு வந்தார்.

“ஒரு சிக்கல் இருக்கு. அடுத்த வருஷம் ஜென்சனுக்கு இருபது மாசம் ஆயிடும். டியூக்குக்கு அது ரொம்ப அதிகம்.”

“எனக்கு அறுபத்தெட்டு,” என்றார் நார்மன், மீசையைத் தடவிக்கொண்டே. “அது பரவால்லியா?”

பெரில் குறிப்பேட்டில் எழுதினார். செயலாளர் என்பதால் எட்டிப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. ‘டியூக்: நார்மன். குழந்தை: தேடவும்.’