கடல் ராஜாவுக்கு என்ன இனிஷியல்?

சவூதியின் ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வைக்கிங் என்னும் அந்தக்காலத்துக் கடல்வீரர்களைப் பற்றிய வீடியோவை ரூமில் எல்லோரும் பார்த்தோம். அவர்களின் பெரிய தலைவன் ஒருவனின் அப்பா யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாதாம்.

"அப்போ இனிஷியல் என்னன்னு போட்டிருப்பான்?" என்று புதிதாக வந்த வெல்டர் தம்பி சிரித்தான்.

எனக்குத் திக்கென்றது. மீன் பொரித்துக்கொண்டிருந்த எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்கும் அப்பா யாரென்று தெரியாது. அம்மா பெயரைத்தான் இனிஷியலாகப் போடுகிறான். தம்பிக்கு இது தெரியாது.

டிரைவர் திரும்பினான். "நானும் அதே கேஸ்தாண்டா. அவனுக்குக் கப்பல் குடுத்தாங்க, எனக்கு ஃபோர்க்லிஃப்ட்!"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, மன்னிச்சிருங்க..."

"கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுடா. தட்ட எடு."

ரூமே சிரித்தது. வழக்கம்போல் நான் சொல்லும் சாப்பாட்டு ஜெபத்தில் டிரைவரின் தாயின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். முதலில் ஆமென் சொன்னவன் அந்தத் தம்பிதான்.