இளக்கு

அன்று புல்வெளியில் நின்றவர்கள்: பண்ணை மேனேஜர். பம்ப் ஹவுஸ்காரர், செங்கோட்டைப் பக்கம். நெடுமங்காட்டுக்காரன், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன். நான், நாகர்கோவில்.

எண்பதுகளின் தொடக்கம். கேரளத்தில், கல்லாறு போகும் வழியில் மாட்டுத் தீவனப் பண்ணை. புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வெளிநாட்டு மெஷின் ஒன்று வந்திருந்தது. நடுவில் ஒரு தூண். அதிலிருந்து நீண்ட குழாய். குழாயைத் தாங்க நான்கு இரும்புக் கோபுரங்கள், ஒவ்வொன்றுக்கும் சக்கரமும் மோட்டாரும். வெளிக்கோபுரம் முதலில் நகரும், மற்றவை பின்னால் வந்து வரிசை சேரும். எது பிந்தினாலும் மெஷின் தானே நின்றுவிடும்.

பூட்டி நிறுத்திய நாளிலிருந்து அதன் சேற்றைத் துடைத்தவன் நான். மேனேஜர் கூப்பிடுவது நெடுமங்காட்டுக்காரனை. அவன் "மோனே", மகன். நான் "எடா பாண்டி"; தமிழனுக்கு அங்கே பாண்டி என்றுதான் பெயர். மத்தியானம் மேனேஜர் வீட்டு மீன்கறி அவனுக்கு வரும். அவன் சட்டையில் கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. 

கன்ட்ரோல் பெட்டிச் சாவி ஒருவனுக்குத்தான். சாவி உள்ளவன் ஆபரேட்டர், வேலை நிரந்தரம். யாருக்கென்று மேனேஜர் அன்று சொல்வதாக இருந்தார்.

மூன்றாவது கோபுரம் பிந்தி மெஷின் நின்றது. மேலே சுவிட்சைத் தள்ளும் கம்பி நீளம் மாறிப்போயிருந்தது. நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். பம்ப் ஹவுஸ்காரர் கரண்டை நிறுத்தினார். அவன் ஏணியில் ஏறினான். நான் கீழே.

"எடே, அந்த நட்டை இளக்கு."

இளக்கினான். நட்டும் கம்பியும் சேற்றில் விழுந்தன.

"கழட்டவால சொன்னேன்?"

"அண்ணன் தன்னே இளக்கான் பறஞ்ஞது!"

இளக்கச் சொன்னது நான்தானே என்கிறான். எங்களூரில் இளக்கு என்றால் தளர்த்து. அவனுக்கு, கழற்றி எடு.

பம்ப் ஹவுஸ்காரர் சிரித்தார். "அண்ணாச்சி தமிழ்ல இளக்கச் சொன்னாரு. தம்பி மலையாளத்துல இளக்கிட்டான்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சாவி இனி எனக்குத்தான் என்று நினைத்தேன். சேற்றில் துழாவி எடுத்தேன். கழுவினேன். நானே ஏறி மாட்டி, நீளம் பார்த்து இறுக்கினேன். கரண்ட் போட்டதும் மெஷின் நகர்ந்தது.

மேனேஜர் சாவியை அவன் கையில் கொடுத்தார்.

"சாரே, சரியாக்கினது நானாக்கும்."

"அது சரி. பக்ஷே நீ பறயுந்நது இவிடெ ஆர்க்கு மனசிலாகும்?"

நான் பேசுவது அங்கே யாருக்குப் புரியும் என்று கேட்டார். நான் பதில் சொன்னாலும் தமிழில்தான் வரும்.

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டு, தட்டிப் பார்த்தான். அந்தத் தட்டு இன்னும் காதில் இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது கிரீஸ் கன். கிரீஸ் அடிக்க ஒவ்வொரு கோபுரத்துக்கும் நான்கு இடம், நடுத்தூணில் இரண்டு.

பதினெட்டு.